மூன்றாம் மாடி ஸ்விட்சும் ஆறாம் அறை அலாரமும்

ஓர் அலாரம் நெட்வொர்க் வழியாகப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அது வந்ததே நர்ஸ் மேசையில் இருந்தவளுக்குத் தெரியவில்லை. அதை 'வந்தது' என்று எழுதுவதா, 'வரவில்லை' என்று எழுதுவதா?

மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். பதில் தெரியாமலேயே ஒரு படிவத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லால் மௌசுமி என்ற நர்சுக்கு வேலை போகலாம். அலாரம் வந்தும் அவள் கவனிக்கவில்லை என்பதுதான் புகார். நோயாளி நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இதைப் படிப்பது கஷ்டம்.

நம் குழுமத்தில் இப்போதுதான் நெட்வொர்க் வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஸ்விட்சுக்குக் கட்டளைத் தொகுப்பு, அதாவது கான்ஃபிக், எப்படிப் போடுவது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு மாதிரி ஆகிவிட்டது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. ரம்பப் பல்

இந்த வேலையில் எனக்கு ஒன்பது வருடம். நியூ டவுனில் ஒரு சர்வீஸ் கம்பெனி. மற்ற நிறுவனங்களின் ஸ்விட்ச், ரௌட்டர் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். இடையில் குழந்தைக்காக ஒன்றேகால் வருடம் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து எந்தக் கமாண்டையும் இரண்டு முறை படிக்காமல் என்டர் தட்டுவதில்லை. முன்பு இந்தப் பயம் கிடையாது. பயந்து பயந்து செய்தால் தவறு நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர். அதன் மூன்றாம் மாடியில் சி.டி. ஸ்கேன் இருக்கிறது. அதற்கு எதிரே, அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கான ஆறு அறை வார்டு. மாடி முழுவதற்கும் ஒரு பழைய பெரிய சேசிஸ் ஸ்விட்ச். அதிலிருந்து கீழ்த்தளத்து சர்வர் ரூமுக்கு ஒரே ஒரு ஃபைபர் அப்லிங்க். சாயங்காலமானால் ஸ்கேன் படங்கள் டாக்டரின் திரையில் பாதியில் நிற்கின்றன என்பது புகார்.

அப்லிங்க்கின் கிராஃபைப் பார்த்ததும் புரிந்தது. நேராக உச்சிக்கு ஏறி, சட்டென்று பாதிக்கு விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்து, ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்விட்சில் டேட்டா துண்டுகள், அதாவது பாக்கெட்டுகள், காத்திருக்கும் க்யூ நிரம்பிவிட்டால் அதன்பின் வருகிற பாக்கெட் எல்லாம் கீழே விழும். ஒரே நேரத்தில் எல்லோருடையதும் விழுவதால், அனுப்புகிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் 'லைனில் நெரிசல்' என்று ஒரே நேரத்தில் வேகத்தைக் குறைக்கும். லைன் காலியாகும். உடனே எல்லாமே சேர்ந்து வேகமெடுக்கும். க்யூ மறுபடி நிரம்பும்.

இதற்கு மருந்து டபிள்யூ-ரெட். க்யூ நிரம்பும் வரை காத்திருக்காமல், பாதி நிரம்பும்போதே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பாக்கெட்டுகளை நாமே கீழே போட்டுவிடுவது. பாக்கெட் விழுந்தவர் மட்டும் வேகத்தைக் குறைப்பார், மற்றவர் போய்க்கொண்டிருப்பார். யாருடையதை முதலில் போடுவது என்பதை பாக்கெட்டின் மேல் உள்ள மார்க்கிங்கைப் பார்த்து ஸ்விட்ச் முடிவு செய்யும். மார்க் இல்லாதது முதலில் விழும்.

ஸ்கேன் படத்தில் ஒரு துண்டு விழுந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நோயாளியின் படுக்கையருகே இருக்கும் மானிட்டர் அப்படியில்லை. இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கீழ்த்தள சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்; அங்கிருந்துதான் அது வார்டு மேசைத் திரைக்கு வரும். ஒன்று விழுந்தால் திருப்பி அனுப்பாது. அந்த நொடி போனது போனதுதான். ஆகவே மானிட்டர்கள் என் டிராப் க்யூவுக்குள் வரவே கூடாது. அதை நான் மறக்கவில்லை. டிசைன் தாளில் சிவப்பு மசியில் எழுதியிருந்தேன்.

2. ரேக் கதவில் ஒட்டியிருந்த தாள்

மானிட்டர்கள் தங்கள் பாக்கெட்டில் உயர்ந்த மார்க்கைத் தாங்களே போட்டுத்தான் அனுப்பின. லைனில் ஓடுவதைப் பிடித்து, அதாவது கேப்சர் எடுத்து, முன்பே பார்த்திருந்தேன். ஆனால் அந்தப் பழைய ஸ்விட்சுக்கு ஒரு குணம் உண்டு. மார்க்கைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கும் க்யூஓஎஸ் வசதி ஆனில் இல்லாதவரை யாருடைய மார்க்கையும் தொடாது. ஆன் செய்த அந்த நொடியிலிருந்து எந்தப் போர்ட்டையும் நம்பாது. எந்தெந்தப் போர்ட்டுக்கு 'டிரஸ்ட்' என்று எழுதுகிறோமோ அதைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் வருகிற மார்க்கை அழித்துப் பூஜ்யமாக்கிவிடும்.

இதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் முந்தைய வாரமே போய் ரேக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த போர்ட் பட்டியலைப் படம் எடுத்து வந்தேன். ஒன்றாம் அறை முதல் ஆறாம் அறை வரை மானிட்டர், போர்ட் பதின்மூன்று முதல் பதினெட்டு வரை. அழகாக டைப் செய்து லாமினேட் செய்திருந்தார்கள்.

துர்கா பூஜைக்கு முன்னால் இந்த ஊரில் சுவர் என்று இருக்கிற எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். அந்த வார்டுக்கும் அடித்திருந்தார்கள். கேபிளையெல்லாம் கழற்றிவிட்டு, வேலை முடிந்ததும் எந்தப் போர்ட் கைக்கு எட்டியதோ அதில் செருகியிருந்தார்கள். மானிட்டர்கள் முப்பத்தேழு முதல் நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டன. லாமினேட் செய்த தாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி என்று ஸ்விட்சிடமே கேட்க ஒரே ஒரு கமாண்ட் போதும். அதை நான் ஏன் அடிக்கவில்லை? என்னிடம் நானே பல தடவை கேட்டாகிவிட்டது. தாள் இருந்தது, அதனால் அடிக்கவில்லை. இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பகல் மூன்று முதல் நான்கு வரை எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அப்போது வார்டு அமைதியாக இருக்கும், பார்வையாளர் யாரும் வரமாட்டார்கள். கான்ஃபிக்கைப் போட்டேன். பிங் போகிறது, ஃபோன் பேசுகிறது, ஸ்கேன் படம் திறக்கிறது. வார்டு மேசையில் இருந்த ஆறு அறைத் திரையையும் போய்ப் பார்த்தேன். ஆறு பச்சைக் கோடுகளும் ஓடின. வார்டு பொறுப்பாளர் லிஸ்ஸி சிஸ்டர், கோட்டயத்துக்காரர். இருபது வருடமாகக் கொல்கத்தாவில் இருந்தும் தமிழ் முகத்தைக் கண்டால் அவருடைய மலையாளத் தமிழ் வந்துவிடும், மகளே என்பது மோளே ஆகிவிடும்.

"எல்லாம் சரியாயோ மோளே?"

"ஆச்சு சிஸ்டர். எதுக்கும் என் நம்பரை எழுதி வச்சுட்டுப் போறேன்."

"நீ போனா இது நின்னு போகுமோ?" என்று சிரித்தார்.

நெரிசலைச் சமாளிக்கிற கான்ஃபிக்கை, நெரிசலே இல்லாத நேரத்தில் சோதித்துவிட்டு நான் கிளம்பினேன். நாலேகாலுக்குக் கிரெஷ்ஷிலிருந்து ஃபோன் வந்திருந்தது. டாக்குரியாவில் என் மகள் தியாவைப் பார்த்துக்கொள்பவர், சித்தி என்ற அர்த்தத்தில் நாங்கள் மாசி என்று கூப்பிடுபவர், பேசினார். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, சீக்கிரம் வந்துவிடு என்றார். இன்னும் அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மகளுக்காக அந்த அரை மணி நேரத்தைத்தான் வார்டிடமிருந்து கடன் வாங்கினேன்.

3. கரியாஹாட் மேம்பாலம்

நாலரைக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கும். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வருவார்கள். வந்ததும் பெங்களூரில் இருக்கும் மகனுக்கும் டெல்லியில் இருக்கும் மருமகளுக்கும் வீடியோ கால் போட்டு அப்பாவின் முகத்தைக் காட்டுவார்கள். அதே நேரத்தில் சி.டி. அறையிலிருந்து அன்று பகல் எடுத்த ஸ்கேன்களை மொத்தமாக சர்வருக்குத் தள்ளுவார்கள். அப்லிங்க் நிரம்பும். என் கான்ஃபிக் வேலையைத் தொடங்கும்.

ஐந்து மணி தாண்டி லிஸ்ஸி சிஸ்டர் அழைத்தார். கிரெஷ்ஷுக்குப் போக நான் எடுத்த கேப் கரியாஹாட் மேம்பாலத்தின் மேல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது.

"மோளே, ஸ்கிரீன் பிராந்து, பைத்தியம் பிடிச்ச மாதிரி. நாலரையிலிருந்து ஆறு ரூமும் மாறி மாறி 'சிக்னல் இல்லை' என்று பீப் அடிக்குது. கோடு கட்டாகுது, வருது, கட்டாகுது."

"நாலரையிலேர்ந்தா? ஏன் சிஸ்டர் அப்பவே கூப்பிடல?"

"ஹெல்ப்டெஸ்க்குக்குத்தான் முதல்ல சொல்லணும், அதுதான் ரூல். மானிட்டர் கம்ப்ளெயின்ட்னு எழுதி, மெஷின் ரிப்பேர்காரங்களுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க வந்து ஒயரை அசைச்சுப் பாத்துட்டுப் போனாங்க."

மடியில் லேப்டாப்பைத் திறந்து, ஃபோன் இன்டர்நெட்டில் விபிஎன் போட்டேன். மார்க் இல்லாத பாக்கெட்டுகள் போகும் க்யூவில் டிராப் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அது விழ வேண்டிய க்யூதான், அதில் ஆச்சரியமில்லை. மானிட்டருக்கென்று நான் ஒதுக்கிய க்யூவைப் பார்த்தேன். அங்கே ஒரு பாக்கெட்கூட விழவில்லை. ஒரு பாக்கெட்கூட போகவும் இல்லை.

அப்போதுதான் அந்த ஒரு கமாண்டை அடித்தேன். ஆறு மானிட்டர்களும் முப்பத்தேழிலிருந்து நாற்பத்திரண்டு வரை வரிசையாக வந்து நின்றன. நான் டிரஸ்ட் எழுதாத போர்ட்டுகள்; மார்க் அழிந்து, விழ வேண்டிய க்யூவில் போய்க்கொண்டிருந்தன.

அனுமதி இல்லாமல் மருத்துவமனை ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. எங்கள் டீம் மேனேஜர் சுப்ரதோவை, அண்ணா என்ற அர்த்தத்தில் எல்லோரும் சுப்ரதோதா என்போம், இரண்டு முறை அழைத்தேன். மீட்டிங்கில் இருந்தார், எடுக்கவில்லை. ஆறு போர்ட்டுக்குப் போட வேண்டிய கமாண்டை ஓர் எண் மாற்றி அப்லிங்க்கில் போட்டால் மாடி முழுவதும் போய்விடும். மூன்று தடவை படித்தேன். கேப் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இங்கே அக்காவை அழைப்பது போல, "திதி, வண்டிய எடுக்கப் போறேன், கம்ப்யூட்டரைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்றார். என்டர் தட்டினேன்.

ஃபோனைத் துண்டிக்காமல் வைத்திருந்தேன். பின்னணியில் கேட்டுக்கொண்டிருந்த பீப் சத்தம் நின்றது.

"நின்னு," என்றார் லிஸ்ஸி சிஸ்டர். பிறகு, "மோளே, ஒரு காரியம் கூட உண்டு" என்றார்.

ஆறாம் அறை வார்டின் கோடியில் இருக்கிறது. தொற்றுக்காக எப்போதும் கதவு சாத்தியே இருக்கும். உள்ளே மானிட்டர் கத்தினாலும் வெளியே கேட்காது, மேசைத் திரையை நம்பித்தான் அந்த அறை. குடல் அறுவை முடிந்த ஒருவர் உள்ளே இருந்தார். ரவுண்டு போன லிஸ்ஸி சிஸ்டர் நாலு ஐம்பத்தெட்டுக்குக் கதவைத் திறந்தபோது அவருடைய ஆக்ஸிஜன் மாஸ்க் நழுவிக் கழுத்தில் கிடந்தது. ஆக்ஸிஜன் எண்பத்து நான்கு, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. படுக்கையருகே இருந்த மானிட்டர் நாலு ஐம்பத்தொன்றிலிருந்து அலாரம் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏழு நிமிஷம். மௌசுமி மேசையில்தான் இருந்தா. அவளுக்குத் தெரியல. சூப்பரின்டென்டன்ட் வந்தாச்சு."

கிரெஷ் வாசலில் மாசி தியாவை என் தோளில் சாய்த்தார். நெற்றி கொதித்தது. "மா, ஜோல்" என்று தண்ணீர் கேட்டாள். பாட்டிலைத் திறந்து கொடுக்கிறேன், என் கண் ஃபோனிலேயே இருக்கிறது.

4. மௌசுமி கேட்டது

மறுநாள் காலை தியாவைக் கணவரிடம் விட்டுவிட்டு வார்டுக்குப் போனேன். மருந்து அறை வாசலில் மௌசுமி நின்றிருந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும். சாந்த்ராகாச்சிப் பக்கம் வீடு, தினமும் ரயிலில் வருகிறாள். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அவள் பெங்காலியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"திதி, லேப்டாப் எடுத்துட்டு வந்தது நீங்கதானே?"

"ஆமா."

"நல்லா வந்தீங்க. நேத்து சாயங்காலம் என் ஸ்கிரீன் கச்சேரியே நடத்துச்சு. நாலாம் ரூம் பீப். ஓடிப் போய்ப் பாத்தா தாத்தா வீடியோ கால்ல பேரனுக்குப் பழிப்பு காட்டிட்டிருக்கார். ரெண்டாம் ரூம் பீப். போனா எல்லா ஒயரும் சரியா இருக்கு. வந்து உக்காந்தா அஞ்சாம் ரூம். எத்தனை தடவை ஓடினேன்னு என் காலைத்தான் கேக்கணும்."

"சைலன்ஸ் பட்டன் அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன். மறைக்க மாட்டேன். ஒரு தடவை அழுத்தினா ஆறு ரூமுக்கும் ரெண்டு நிமிஷம் சத்தம் நிக்கும். முடிஞ்சதும் திரும்ப அழுத்தினேன். அழுத்தாம என்ன பண்றது? ஒரு பேஷன்டோட மச்சான் வந்து கேக்கறார், 'சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, டோட்டோ ஸ்டாண்டா?'"

பேட்டரி ரிக்ஷாவை இங்கே டோட்டோ என்பார்கள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஆறாம் ரூம் அலாரம் என் ஸ்கிரீனுக்கு வந்துச்சா, இல்ல உங்க மெஷின்ல வழியிலேயே விழுந்துச்சா? அது மட்டும் சொல்லுங்க."

"பாத்துட்டுச் சொல்றேன்."

"விழுந்திருந்தா நல்லா இருக்கும் திதி. பேஷன்டுக்கு இல்ல, எனக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. விழுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பழி என் மேல் வந்துவிடும், கணக்கு நேராகிவிடும்.

5. நானூற்று இருபது தடவை

டிராப் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எத்தனை பாக்கெட் விழுந்தது என்று ஸ்விட்ச் சொல்லும், யாருடையது விழுந்தது என்று சொல்லாது. ஆகவே மருத்துவமனையிலேயே ஒரு உபரி மானிட்டரை வாங்கி, பொய்யாக ஆக்ஸிஜன் குறைவு காட்டும் கருவியைப் பொருத்திச் சோதித்தேன். அன்றைக்கு இருந்த நெரிசலையும் லேபில் செயற்கையாக உண்டாக்கினேன்.

அலாரம் ஒரு தடவை போய் நின்றுவிடும் விஷயமில்லை. அது அடிக்கும் வரை ஒவ்வொரு நொடியும் 'அலாரம், அலாரம்' என்று மானிட்டர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஏழு நிமிடத்தில் நானூற்று இருபது தடவை. என் கான்ஃபிக் மிக மோசமான நேரத்திலும் பத்துக்கு ஒன்றைத்தான் கீழே போட்டது. நானூற்று இருபதும் விழ வழியே இல்லை. ஆனால் தொடர்ந்து இரண்டு நொடி வராவிட்டால் மேசைத் திரை 'சிக்னல் இல்லை' என்று பீப் அடிக்கும். பத்துக்கு ஒன்று விழுந்தால், ஆறு அறைக்கும் சேர்த்து கால் நிமிடத்துக்கு ஒரு பீப் நிச்சயம்.

பிறகு, எது எப்போது வந்தது என்று சர்வர் தானே எழுதி வைக்கும் லாக் கைக்கு வந்தது. நாலு ஐம்பத்தொன்றுக்கு ஆறாம் அறை அலாரம் சர்வருக்கு வந்திருக்கிறது, மேசைத் திரைக்கும் போயிருக்கிறது. சந்தேகமே இல்லை. சத்தம் அணைந்திருந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்து, 'சிக்னல் இல்லை' என்ற மஞ்சள் கட்டங்கள் கண் சிமிட்டிக்கொண்டிருந்த திரையில் ஒரு சிவப்புக் கட்டமாக நின்றிருக்கிறது. சத்தம் திரும்பும்போதெல்லாம் இன்னொரு பொய் பீப் என்று அவள் மறுபடி அணைத்திருக்கிறாள்.

அதே லாக்கில் நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை 'சிக்னல் இல்லை' வரிகளை எண்ணினேன். நூற்று முப்பத்தொன்று. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். அதே எண்தான்.

6. படிவம்

மருத்துவமனை அனுப்பிய படிவத்தில் எங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அலாரம் மேசைத் திரைக்குக் கிடைத்ததா? ஆம் அல்லது இல்லை. கீழே 'குறிப்பு' என்று நான்கு வரிக்கு இடம்.

சுப்ரதோதா டீயோடு என் இருக்கைக்கு வந்தார். லாக்கைக் காட்டினேன். முகம் தெளிந்தது.

"ஆம்னு போடு. நெட்வொர்க் டெலிவர் பண்ணிடுச்சு. முடிஞ்சது."

"குறிப்புல நூத்தி முப்பத்தொண்ணையும் எழுதணும் சுப்ரதோதா."

"அதைக் கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேக்காத கேள்விக்கு வைவால பதில் சொல்லி யாராவது பாஸாகிப் பாத்திருக்கியா?"

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

டீயை மேசையில் வைத்தார். "அந்தப் பொண்ணுக்கு அவ சீனியர் சிஸ்டர் இருக்கா, சங்கம் இருக்கு. உனக்கு யாரு இருக்கா? தப்புப் போர்ட்ல டிரஸ்ட் போட்டது நீ. அப்ரூவல் இல்லாம கேப்ல உக்காந்து கான்ஃபிக் மாத்தினது நீ. நம்ம ரிப்போர்ட்ல 'போர்ட் மாற்றம் தெரிவிக்கப்படவில்லை, சரிசெய்யப்பட்டது'ன்னு ஒரே வரியோட முடிச்சிருக்கேன். உன் பேர் எங்கயும் இல்ல. குறிப்புல நீ நாலு வரி எழுதினா அவங்க நாற்பது கேள்வி கேப்பாங்க."

அவர் மிரட்டவில்லை. அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்காக நான் வீட்டில் இருந்தபோது என் இடத்தில் வேறு ஆளைப் போடச் சொன்னார்கள். முடியாது என்று மேலிடத்தோடு சண்டை போட்டவர் அவர். அன்றும் எனக்காகத்தான் பேசினார்.

'ஆம்' என்று எழுதினேன். குறிப்பு இடத்தைக் காலியாக விட்டேன். நான் எழுதியது உண்மைதான். ஆனால் அது உண்மையாக இருப்பதனாலேயே நிம்மதி இல்லை.

மூன்றாம் நாள் லிஸ்ஸி சிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. படிவத்தைப் படித்ததும் மௌசுமிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் விசாரணை. அதுவரை வார்டில் அவளுக்கு டியூட்டி இல்லை, ஃபைல் அடுக்குகிற வேலை. "எத்தனை பீப் அடிச்சுதுன்னு அவளும் சொன்னா, நானும் சொன்னேன். எழுத்தில் உண்டோன்னு கேக்கறாங்க மோளே."

எழுத்தில் இருக்கிறது. லாக்கை அச்செடுத்த தாள் என் பையில் இருக்கிறது.

7. கார்த்திக் சொன்னது

என் கணவர் கார்த்திக் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் சிக்னல் பராமரிப்பில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை தியாவுக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எல்லாத்தையும் உன் தலைல தூக்கிப் போட்டுக்காத. அவ பட்டனை அழுத்தினது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"அலாரம் வந்ததும் நிஜம்."

"அதுவும் நிஜம்தான்."

இன்னொரு துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு யோசித்தார். "எங்க யார்டுல இப்படி ஒண்ணு நடந்தா, சிக்னல் சிவப்பா இருந்துச்சான்னு கேக்கறதோட விடமாட்டாங்க. டிரைவர் உக்காந்த இடத்துலேர்ந்து அது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமான்னும் கேப்பாங்க. எஞ்சின்ல ஏறிப் போய்ப் பாப்பாங்க. மரக்கிளை மறைச்சிருந்தா, கிளையை வெட்டாம விட்டது யாருன்னு கேப்பாங்க."

"கிளை நான்தான்."

"கிளை இல்ல, கிளையை வெட்டாம விட்டவ," என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். தியாதான் சிரித்தாள்.

இந்த மூன்று வாரத்தில் வேலை முறையில் சிலவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். டிராப் கான்ஃபிக் போட்டால், எந்த நேரத்தில் நெரிசல் வருமோ அந்த நேரத்தில்தான் சோதிக்கிறேன். முடியாவிட்டால் அன்றைக்கு அந்த கான்ஃபிக்கைப் போடுவதில்லை. தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்ட்டை ஸ்விட்சிடமே கேட்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஃபோன் வந்தால், "போகிறேன், என் இடத்தில் ஆள் வேண்டும்" என்று வாய் திறந்து கேட்கிறேன். முன்பு கேட்க வெட்கமாக இருந்தது. அம்மா ஆனதும் வேலையில் அரைகுறை ஆகிவிட்டாள் என்று சொல்வார்களோ என்று அன்று யாரையும் கேட்கவில்லை. பாக்கெட் கீழே விழுந்தால் எண்ணிக்கையில் தெரியும். விழாமல் வந்து சேர்ந்தது யாருக்காவது பயன்பட்டதா என்று எந்தக் கவுண்ட்டரும் சொல்லாது, இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான். மௌசுமிக்கு இதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

பையில் இருக்கும் அந்த லாக் தாளை விசாரணைக் குழுவிடம் கொடுக்கப் போகிறேன். கொடுக்கலாமா என்று உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று யாராவது சொல்லிவிடுவீர்கள், நானும் சரி என்றுவிடுவேன். எனக்குத் தெரியாதது வேறு. குழுவில் இருப்பவர்கள் டாக்டர்கள். க்யூ, மார்க்கிங் என்று ஆரம்பித்தால் இரண்டாம் வரியில் கண்ணைத் தாளிலிருந்து எடுத்துவிடுவார்கள். பல தடவை எழுதிக் கிழித்து, கடைசியாக இவ்வளவுதான் வைத்திருக்கிறேன்:

'அன்று மாலை நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை இந்தத் திரை நூற்று முப்பத்தொரு முறை பொய்யாகக் கூப்பிட்டது. அதற்கு நடுவே ஒரு முறை உண்மையாகக் கூப்பிட்டது. பொய்யாகக் கூப்பிட வைத்தது நான் போட்ட கான்ஃபிக். லாக் இத்துடன் இணைத்திருக்கிறேன்.'

இப்படி வாடிக்கையாளரிடம் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்தவர்கள் உங்களில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இந்த நான்கு வரி போதுமா? எதைச் சேர்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும்? சுப்ரதோதாவிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதா, கொடுத்துவிட்டுச் சொல்வதா? மாதக் கடைசிக்குள் எழுதுங்கள்.